80 கிலோமீட்டர் அதிகம்

“94” என்று அந்தப் பையன் வாசித்தான். வாசித்ததில் பிழை இல்லை. எனக்குப் பின்னால் கதிரைகளில் இருந்த எட்டுப் பேருக்கும் கேட்கும்படி வாசித்ததுதான் பிழை. லண்டனில் எங்கள் குடும்ப வைத்தியர் என் எடையைப் பார்த்தால் ஒன்றும் சொல்லாமல் கணினியில் தட்டிவிட்டு, “நடக்கிறீர்களா?” என்று மட்டும் கேட்பார். கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தில், உள்நாட்டு விமானம் ஏறுகிற இடத்தில் அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. பெட்டி நிறுக்கிற தராசிலேயே என்னையும் ஏறச் சொன்னார்கள். முதலில் பெட்டிகள், பிறகு நான், பிறகு என் தோள்பை. மாட்டு வியாபாரிகூட மாட்டை இப்படி ஏற்றி இறக்குவதில்லை. கண்ணால் பார்த்தே எடை சொல்லிவிடுவான்.

நான் அந்தத் தராசில் ஏற நேர்ந்ததற்கு அம்மாவிடம் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம்.

எங்கள் ஊரான மட்டக்களப்பில் ஆடி அமாவாசை என்றால் மாமாங்கக் கோயில் தீர்த்தம். அமிர்தகழித் தீர்த்தக்குளத்தில் இறங்கி, தகப்பன் இல்லாத பிள்ளைகள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் அன்றைக்குச் சோறு. அப்பா போய் 6 வருடம். 6 வருடமும் தம்பிதான் குளத்தில் இறங்கினான். நான் லண்டனில் ஈஸ்ட்ஹாம் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எடுத்தேன். இந்த முறை வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எத்தனை மணிக்கு வாசலில் வந்து நிற்பேன் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தேன்.

இரண்டு ஊர்களின் பெயரைப் போட்டால் இடையிலுள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லுகிற இணையப் பக்கங்கள் இருக்கின்றன அல்லவா, ஓர் இரவு நித்திரை வராமல் அதில் விளையாடிக்கொண்டிருந்தேன். லண்டன், கட்டுநாயக்க என்று போட்டேன்: ஏறக்குறைய 8,710 கிலோமீட்டர். லண்டன், மட்டக்களப்பு என்று போட்டேன்: ஏறக்குறைய 8,790. மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் 80 கிலோமீட்டர்தான்.

நம்ப முடியவில்லை. கட்டுநாயக்க மேற்குக் கரை, மட்டக்களப்பு கிழக்குக் கரை. இரண்டுக்கும் நேர்கோட்டில் 207 கிலோமீட்டர். அப்படியிருக்க லண்டன்காரனுக்கு மட்டும் எப்படி 80 ஆனது? மகனின் பூமியுருண்டையை எடுத்து, ஒரு நூலை லண்டனில் பிடித்து இலங்கை வரை இழுத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. நூல் வடமேற்கிலிருந்து சரிந்து வருகிறது. அப்படி வருகிறவனுக்கு மட்டக்களப்பு கொழும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற ஊர் அல்ல, பக்கவாட்டில் இருக்கிற ஊர். கொழும்பைத் தாண்டி, மலையைத் தாண்டி, காட்டைத் தாண்டிக் கடைசியில் வருவதுதான் எங்கள் ஊர் என்று பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்து 50 வயது வரை நம்பியிருந்திருக்கிறேன்.

ஜெட் விமானத்துக்கு 80 கிலோமீட்டர் என்றால் 6 நிமிடம். சந்தோஷம் தாங்காமல் அடுத்த நாளே அம்மாவை அழைத்தேன்.

“அம்மா, கொழும்பைவிட நாங்கள் 6 நிமிடம்தான் தூரம்.”

“அப்படியா மனே? அப்படியென்றால் சோற்றை 6 நிமிடம் பிந்தியே வடிக்கிறேன்.”

கேலியா உண்மையா என்று அம்மாவின் குரலை வைத்து ஒருநாளும் சொல்ல முடியாது.

லண்டனிலிருந்து மட்டக்களப்புக்கு அந்த இணையப் பக்கம் சொன்ன 11 மணித்தியால நேர்ப்பயணம் உலகத்தில் எந்த விமானமும் போகாத பயணம் என்பது எனக்கும் தெரியும். கட்டுநாயக்கவின் ஓடுபாதை 3,350 மீற்றர். மட்டக்களப்பில் திமிலைதீவில் இருக்கிற எங்கள் ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு. லண்டனிலிருந்து வருகிற பெரிய விமானம் அதில் இறங்கினால் வாவிக்குள்தான் போய் நிற்கும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் அது விமான நிலையம் என்றே தெரியாது; கம்பிவேலியும் காவலரணும்தான் தெரியும். அந்த வீதியால் போகும்போது அப்பா சைக்கிள் மணியைக்கூட அடிக்கமாட்டார். 2018-இல் பொதுமக்களின் விமானங்களுக்கு அதைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, மற்றவர்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்கு மகிழ்வதுபோல நான் மகிழ்ந்தேன். அடுத்த ஆண்டே யாழ்ப்பாணத்தாருக்குப் பலாலி சர்வதேச நிலையமாகத் திறந்தது, சென்னையிலிருந்து நேராக வந்து இறங்குகிறார்கள். எங்களுக்கு ஒற்றை விசிறிச் சிறு விமானம். நேர்கோட்டுக் கணக்கில் சென்னைக்குக் கட்டுநாயக்கவைவிட மட்டக்களப்பு 30 கிலோமீட்டருக்கு மேல் கிட்ட. இதை எந்த யாழ்ப்பாண நண்பரிடமும் சொல்லி நான் வெற்றி கண்டதில்லை.

ஆக, திட்டம் இதுதான். பகல் 11:45-க்குக் கட்டுநாயக்கவில் இறங்குவது, 3 மணிச் சிறு விமானத்தில் ஏறுவது, 3:45-க்குத் திமிலைதீவு. அம்மாவின் வீடு புதூரில். தம்பி மோட்டார் சைக்கிளோடு வாசலில் நிற்பான். 4 மணிக்குச் சோறு.

லண்டன் விமானம் சொன்ன நேரத்தில் வந்தது. 10 மணித்தியாலம் 45 நிமிடம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கிழக்கு நோக்கிப் போகும்போது உயரத்துக் காற்று பின்னால் தள்ளுகிறது, திரும்பும்போது முகத்தில் அடிக்கிறது; ஊருக்குப் போகிற பயணம் சுருங்குவதும் வேலைக்குத் திரும்புகிற பயணம் நீளுவதும் அதனால்தான், நம் மனத்தால் மட்டுமல்ல.

இனித் தராசு.

“ஐயா, ஓர் ஆளுக்கு 20 கிலோ. உங்களிடம் 53 இருக்கிறது.”

“மேலதிகத்துக்குக் காசு தருகிறேன் தம்பி.”

“காசு இல்லை ஐயா. கனம்.”

இந்த வசனத்தை நான் லண்டன் திரும்பிய பிறகும் மனைவியிடம் குறைந்தது 20 தடவை சொல்லியிருக்கிறேன். பெரிய விமானத்தில் அதிக எடை என்பது காசு விவகாரம். அட்டையை நீட்டினால் முடிந்தது. இது ஒரு டசின் பேர் ஏறுகிற விமானம். எரிபொருள், ஆட்கள், பெட்டிகள் எல்லாவற்றையும் கூட்டி ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முன்னுக்கு யார், பின்னுக்கு யார் என்பதையும் அந்தக் கணக்கு பார்த்துத்தான் இருத்துகிறார்கள். அந்தக் கணக்கில் நான் ஏற்கெனவே ஓர் ஆளுக்கும் கொஞ்சம் கூடுதலாக இருந்தேன். பையன் அதைச் சொல்லவில்லை. என் வயிற்றை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தாளில் எதையோ எழுதினான். தமிழ் அவனுக்குத் தாய்மொழி அல்ல. ஆனாலும் தேடித் தேடித் தமிழிலேயே பேசினான். அதுவே என் வாயைப் பாதி அடைத்துவிட்டது. 30 வருடங்களுக்கு முன்பு இதே நிலையத்தில் என்னோடு எந்த மொழியில், எந்தத் தொனியில் பேசினார்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் மற்றப் பாதி வாய் திறந்துதான் இருந்தது. மேலதிகாரியைக் கேட்டேன். முறைப்பாட்டுப் படிவம் கேட்டேன். இங்கிலாந்தில் 25 வருடம் இருந்தவனுக்குக் கோபம் வந்தால் கை தானாகப் படிவத்தைத் தேடுகிறது. மேலதிகாரி வந்து, என் டிக்கெட்டிலேயே அது எழுதியிருப்பதைக் காட்டினார். எழுதித்தான் இருந்தது, எறும்பு ஊர்ந்ததுபோல. முன்பதிவு செய்யும்போது பணத்தை மட்டும் பெரிய எழுத்தில் கேட்டீர்களே, இதை ஏன் கேட்கவில்லை என்றேன். அவர் எனக்கு ஒரு போத்தல் தண்ணீர் தந்தார்.

பெட்டிகளைத் தரையில் விரித்தேன். கூடியிருந்தவர்கள் என் குடும்பத்தின் எல்லா ஆசைகளையும் அன்று பார்த்தார்கள். தம்பியின் மகனுக்குக் கிரிக்கெட் மட்டை. அம்மாவுக்கு இரத்த அழுத்தம் பார்க்கிற கருவி. போன முறை கொண்டுபோனதும் இன்னும் பெட்டி பிரிக்காமல் அலுமாரியில்தான் இருக்கிறது. 6 கிலோ சாக்லேட். தங்கச்சி கேட்ட ஒட்டாத சட்டி. லண்டனுக்கு அழைத்தேன். அங்கே காலை 9 மணி. “எதை வேண்டுமானாலும் விடுங்கள், சட்டியை விடாதீர்கள். அது உங்கள் தங்கச்சி கேட்டது. விட்டால் நான்தான் விட்டேன் என்று சொல்வாள்” என்றாள் மனைவி. சட்டி மட்டும் 4 கிலோவுக்கு மேல். எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினேன். எடை 53-இல்தான் நின்றது.

பெட்டிகளை அங்கேயே வைப்பில் விட்டுவிட்டு நான் மட்டும் பறந்திருக்கலாம். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவன் வெறுங்கையோடு வாசலில் நிற்பதா? கையை வீசிக்கொண்டு வந்தவன் என்ற பெயர் எங்கள் தெருவில் அடுத்த தலைமுறைக்கும் போகும். “நான் வரவில்லை” என்றேன். ரோஷத்தில் சொன்ன சொல். திரும்பி எடுக்க வழியில்லை. எட்டுப் பேரும் வரிசையாகப் போய் ஏறினார்கள். ஒரு மூதாட்டி போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

3:50-க்குத் தொலைபேசி அடித்தது. நான் வெளியே வெயிலில் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

“இறங்கிவிட்டாயா மனே? பிளேன் இரைச்சல் கேட்டது. சோறு வடித்துவிட்டேன்.”

என்ன சொல்வது? விமானம் வந்துவிட்டது, நான் வரவில்லை என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ அதில் யார் வந்தது?” என்று கேட்டார். தம்பி இன்னும் அரை மணி நேரம் வாசலில் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறான்.

வான் சாரதி ஒருவர் மட்டக்களப்புக்கு 45,000 ரூபாய் கேட்டார். பவுணில் 110 சொச்சம். லண்டனில் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகவே 70 பவுணை முணுமுணுக்காமல் கொடுக்கிறவன், தீவைக் குறுக்கே வெட்டிக் கடந்து வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறேன் என்கிற மனிதரிடம் 30,000-க்குப் பேரம் பேசினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு பிரெஞ்சுத் தம்பதியை ஏற்றிக்கொண்டு சிகிரியாவுக்குப் போய்விட்டார். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் அடுத்து நடந்தது விளங்காது.

பஸ்ஸும் ரயிலும் பிடிக்கக் கொழும்புப் புறக்கோட்டைக்கு வாடகைக் கார். அதிவேக வீதியில் 25 கிலோமீட்டருக்கு 25 நிமிடம். அதிலிருந்து இறங்கிக் கடைசி 5 கிலோமீட்டருக்கு 50 நிமிடம். உதயதேவி காலை 6 மணி அளவில் மட்டக்களப்புக்குப் போகிற ரயில், அது எப்போதோ போயிருக்கும். இரவு ரயிலில் திருவிழாக் கூட்டத்துக்கு இருக்கைகள் முடிந்துவிட்டன. தம்பி முதலிலேயே சொல்லியிருந்தான், காட்டுப் பக்கம் இரவு ரயில்களை நம்பி நேரம் சொல்லாதே என்று. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் பயணிகள் ரயில் மோதி 6 யானைகள் இறந்தன. அதிலிருந்து இருட்டில் அந்த வழியைப் பற்றிப் பேசினாலே எல்லோருக்கும் ஒரு தயக்கம்.

மிஞ்சியது இரவு 9 மணி பஸ். மட்டக்களப்பைத் தாண்டிக் காத்தான்குடி வரை போகிற தனியார் பஸ். அதன் கொண்டக்டரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் தொடங்கினேன், தராசுப் பையன் இடையில் புகுந்து பாதியைத் தின்றுவிட்டான்.

60 வயதுக்கு மேல் இருக்கும். காத்தான்குடிக்காரர். வயதில் மூத்த முஸ்லிம்களை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி, காதில் பேனை. என் பெட்டிகளை இரண்டு கையாலும் தூக்கி வயிற்றுப் பகுதிக்குள் தள்ளினார்.

“நிறுக்கவில்லையா காக்கா?”

“கோழி என்றால் நிறுக்கலாம்” என்றார்.

பெட்டிக்கு 300 ரூபாய். 53 கிலோவும் ஒரு சொல்லில்லாமல் உள்ளே போய்விட்டன. அந்த நிமிடத்தில் எனக்கு அவர்மேல் வந்த பாசத்தை விளக்க முடியாது.

“எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?”

இந்தக் கேள்விக்கு ஊரில் என்ன பதில் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். “விடியப் போய்விடலாம்.” “கிட்டத்தான்.” “பார்ப்போம்.” அப்பாவின் காலத்தில் தூரத்தையே யாரும் எண்ணில் சொன்னதில்லை. வீதியோரத்தில் மைல்கட்டை இருந்தது, எத்தனையாம் கட்டை என்று இடத்துக்கு அடையாளம் சொல்ல மட்டும். அப்பாவின் கணக்கு சுருட்டு. சைக்கிளில் ஆரையம்பதி ஒரு சுருட்டு, களுவாஞ்சிக்குடி மூன்று சுருட்டு. எதிர்க்காற்று என்றால் இன்னும் ஒன்று. கச்சான் காற்று வீசுகிற மாதத்தில் அவர் சுருட்டுக் கட்டோடுதான் வெளிக்கிடுவார்.

காக்கா அப்படியெல்லாம் சொல்லவில்லை. “4:40-க்குச் செங்கலடிச் சந்தி. 5:05-க்கு மட்டக்களப்பு மணிக்கூட்டுக் கோபுரம்” என்றார். ரயில் நிலைய ஒலிபெருக்கி சொல்வதுபோல.

நான் உள்ளுக்குள் சிரித்தேன். லண்டனிலிருந்து மான்செஸ்டர் நேர்கோட்டில் 260 கிலோமீட்டர் அளவு; ரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். தண்டவாளத்தில் இலை விழுந்தது, சமிக்ஞை பழுதானது என்று அதுவே அடிக்கடி பிந்துகிறது. பிந்தினால் விண்ணப்பித்துக் காசைத் திருப்பி வாங்கலாம், அதற்கொரு படிவம் உண்டு. இவரோ 300 கிலோமீட்டரைத் தாண்டிய வீதியில், குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை எல்லாம் கடந்து போகிற பஸ்ஸுக்கு, இரவு 9 மணிக்கே அடுத்த நாள் காலைக்கு நிமிடக் கணக்கில் நேரம் சொல்கிறார். பார்க்கலாம் என்று கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டேன்.

பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குளிரூட்டி மீன்பெட்டிக்குள் இருப்பதுபோல. பாட்டுச் சத்தம், நித்திரை கொள்கிறவர்களைப் பழிவாங்க வைத்ததுபோல. இருக்கை சாய்கிறது, ஆனால் அது சாய்ந்தால் பின்னால் இருக்கிறவரின் முழங்காலும் நம்மோடு ஊருக்கு வருகிறது. தம்புள்ளைக்குக் கிட்ட ஒரு கடையில் நிறுத்தினார்கள். பிளேன் டீயும் ஒரு துண்டுச் சர்க்கரையும். அந்தத் தேநீரின் சாயம் இங்கிலாந்தில் எந்தப் பெட்டியிலும் கிடைப்பதில்லை, எத்தனை பவுண் கொடுத்தாலும். அங்கேயே இரண்டாவது கோப்பையும் கேட்டேன். சாரதி ஒலி எழுப்பினார்.

ஹபரணையைத் தாண்டியதும் பஸ் நின்றது. விளக்கை அணைத்தார்கள். பாட்டையும். முன்கண்ணாடியால் பார்த்தால் வீதியில் ஒரு யானை, அதன் பின்னால் இருட்டில் இன்னும் எத்தனையோ. யாரும் பேசவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த பையன் நித்திரையிலிருந்து விழித்து, யானையைப் பார்த்து, திரும்ப நித்திரையாகிவிட்டான். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 22 நிமிடம். மனதுக்குள் ஒரு கெட்ட திருப்தி. காக்காவின் 5:05 முடிந்தது என்று நினைத்தேன்.

பஸ் வெளிக்கிட்டதும் எழுந்து முன்னுக்குப் போனேன்.

“பிந்திவிட்டதே காக்கா.”

“யார் சொன்னது?”

“யானைக்கு 22 நிமிடம் போய்விட்டதே.”

“யானையையும் சேர்த்துத்தான் சொன்னேன் தம்பி.”

அவர் விளக்கிய விதம் இது. ஆடி, ஆவணியில் மற்ற இடமெல்லாம் காய்ந்துவிடும், மின்னேரியாக் குளத்தங்கரையில் புல் முளைக்கும், யானைகள் அங்கே கூடும். ஆகவே இந்த மாதங்களில் யானைக்கு 20 நிமிடம். மார்கழி மழையில் யானைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் மன்னம்பிட்டிப் பக்கம் மகாவலி ஆறு வீதிக்கு ஏறும், அதற்கு அரை மணி. தண்ணீர் மேலும் ஏறினால் பஸ் எடுப்பதே இல்லை. நோன்பு மாதத்தில் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு நிறுத்த வேண்டும், அதற்கு 25 நிமிடம். தைப்பொங்கலுக்கு முதல் நாள் பெட்டிகள் இறக்குவதற்கு மட்டும் 15 நிமிடம். எல்லாம் காதில் இருந்த பேனையால் எப்போதோ மனத்தில் எழுதியவை.

நான் கேட்டேன்: “90-களில் என்ன செய்தீர்கள்? வெலிக்கந்தை, புணானை என்று சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறின காலத்தில்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்போது நேரம் சொல்வதில்லை” என்றார்.

எனக்கும் அந்த வீதி நினைவிருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, வரிசையில் நடந்து, அட்டையைக் காட்டி, மறுபக்கம் போய் ஏறி, ஏறியவர்களை எண்ணிப் பார்த்து, ஓர் ஆள் குறைந்தால் பஸ் முழுக்க மௌனமாகிவிடும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவரும் நானும் அதைப் பற்றி மேலே பேசவில்லை. பஸ் புணானையில் வேகம்கூடக் குறைக்காமல் போனது.

நேரம் என்பதே எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் இரண்டாக இருந்தது. 1996-இல் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, சில மாதத்தில் அரை மணி திருப்பியது. 2006 சித்திரையில்தான் பழைய நேரம் திரும்ப வந்தது. புலிகள் இயக்கத்தின் கையில் இருந்த படுவான்கரை, அதாவது வாவியின் மேற்குக் கரை, பழைய நேரத்தையே வைத்திருந்தது. கிழக்கே கடலோரத்து எழுவான்கரையில் புது நேரம். மண்முனைத் துறையில் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்தால், இந்தக் கரையில் 8 மணிக்குப் புறப்பட்டவன் அந்தக் கரையில் ஏழே முக்காலுக்கு இறங்குவான். புறப்பட்ட நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்த பயணம் வாழ்க்கையில் அது ஒன்றுதான். எந்த ஜெட் விமானமும் எனக்கு அதைத் தந்ததில்லை. இப்போது மண்முனையில் பாலம். இரண்டு கரையிலும் ஒரே நேரம். ஈஸ்ட்ஹாமில் பிறந்த என் மகனுக்கு இதைச் சொன்னால், நான் கதை கட்டுகிறேன் என்கிறான்.

4:41-க்குச் செங்கலடிச் சந்தி. ஒரு நிமிடம் பிந்தியதை நான் காக்காவிடம் சொன்னேன். எனக்கு வேறு வேலை இல்லை. “உங்கள் மணிக்கூடு முந்தி ஓடுகிறது” என்றார். ஏறாவூரில் பள்ளிவாசல் பாங்கு கேட்டது. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ் நின்றபோது, கோபுர மணிக்கூட்டை அவர் விரலால் காட்டினார். 5:05.

தம்பி மோட்டார் சைக்கிளோடு நின்றான். 53 கிலோவையும் அதில் ஏற்ற முடியாமல் ஓர் ஆட்டோவும் பிடித்தோம்.

வீட்டுத் திண்ணையில் இருந்தபடி கணக்குப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. லண்டனிலிருந்து கட்டுநாயக்க வரை 8,710 கிலோமீட்டரை 10 மணித்தியாலம் 45 நிமிடத்தில் வந்தேன். மணிக்கு 810 கிலோமீட்டர். மிச்சமிருந்த 80 கிலோமீட்டருக்கு 17 மணித்தியாலம் 20 நிமிடம். அதாவது மணிக்கு 4.6 கிலோமீட்டர். சைக்கிள்கூட இல்லை, நடை. அப்பா ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு நடந்தே வந்திருந்தாலும் ஏறக்குறைய என்னோடுதான் வந்து சேர்ந்திருப்பார்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். “நேற்றைய சோறு பழஞ்சோறாக இருக்கிறது, தீர்த்தம் முடித்து வந்து சாப்பிடலாம்” என்றார். அமாவாசைக்கு அதைத் தரமாட்டார் என்று தெரியும். என்னை நோகடிக்கச் சொன்னது. சட்டியைப் பார்த்துவிட்டுத் தங்கச்சி, இதைவிடப் பெரிதாக இல்லையா என்றாள்.

மாமாங்கத்துக்கு நேரத்தோடு போனோம். கூட்டத்தில் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான், சின்ன வயதில் நான் அவனைப் பிடித்துக்கொண்டு இறங்கியதுபோல. குளத்து நீர் வெதுவெதுப்பாக இருந்தது. மிச்சத்தை இங்கே எழுதப்போவதில்லை.

திரும்புகிற டிக்கெட்டையும் அந்தச் சிறு விமானத்தில்தான் முன்பே எடுத்திருந்தேன், காசு திரும்பாதென்று எழுதியிருந்தது. இந்த முறை எறும்பெழுத்தையும் வாசித்தேன். மூன்று கிழமைக்குப் பிறகு திமிலைதீவுக்குப் போனேன். பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு, பறப்பு எல்லாம் ஒழுங்காக நடந்தன. உன்னிச்சைக் குளம் மேலிருந்து ஒரு கண்ணாடித் துண்டாகத் தெரிந்தது. பிறகு மலை, பிறகு தென்னந்தோப்பு. 45 நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் ஏறுவதற்கு முன்பு இங்கேயும் தராசு இருந்தது.

பெட்டியை வைத்தேன். அம்மா கட்டித் தந்த அரிசிமாவையும் செத்தல் மிளகாயையும் பாதி தம்பியிடமே விட்டிருந்தேன். 18 கிலோ. தலை நிமிர்ந்து நின்றேன். பிறகு என்னை ஏறச் சொன்னார்கள்.

“97” என்று வாசித்தார் இங்கே இருந்தவர். இவர் அந்தப் பையனைவிடவும் சத்தமாக.

கம்பிக்கு வெளியே நின்ற தம்பிக்கும் அது கேட்டிருக்கிறது. நான் கட்டுநாயக்கவில் இறங்குவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டான், அண்ணன் மூன்று கிலோ கூடிப் போகிறான் என்று. அம்மா அதைத் தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார்.